பேர் சொல்ல வராத எனக்கு ஆத்தா கொடுத்த வாய்

ஆத்தா சன்னதியில கூடியிருக்கிற எல்லாருக்கும் கும்பிடுங்க. நான் மலைமேல இருக்கிற குண்டனி நாட்டுக்காரி, பேரு பாப்பாயி. மலையில பிரசவம் பாக்குற பாப்பாயின்னா இப்போ நெறைய பேருக்குத் தெரியும். ஆனா இந்த வேலைக்கு ஆளெடுக்கக் கூப்பிட்டுக் கேள்வி கேட்ட அன்னிக்கு, என் பேரைக்கூட என்னால சொல்ல முடியலீங்க.

வெள்ளைக்காரன் ஆட்சியில உலகச் சண்டை நடந்துக்கிட்டு இருந்த காலம். எங்கக்கா செல்லிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்தும் குழந்தை வரலை. கம்பளியில தூளி கட்டி ஆம்பளைங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு மலை இறங்கினாங்க. நான் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி கண்ணுக்குத் தெரியிற திருப்பத்துல அந்தக் கை சில்லுன்னு ஆயிருச்சு. தாயும் போனா, புள்ளையும் போச்சு.

அதுக்கப்புறம் நான் ஒரு மாதிரி ஆயிட்டேன். தெரியாத ஆளு எதிர்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், தொண்டை அடைச்சுக்கும். செம்மேட்டுச் சந்தையில உப்பு விலை கேக்கக்கூட எங்க ஊட்டுக்காரர்தான் முன்னால போவாரு.

அந்தச் சந்தையிலதான் ஒரு நாள் தண்டோரா போட்டாங்க. மலைக்கு ஒரு மருத்துவச்சி வேணும், பொம்பளைங்க யாராச்சும் வந்தா டவுன் ஆஸ்பத்திரியில கேள்வி கேட்டுப் பார்த்து, பழக்கி, சம்பளம் போட்டு அனுப்புவோம்னு. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரங்க யாரும் மேல வந்து தங்க மாட்டாங்க. மலைக்காரி ஒருத்தியும் போகலைன்னா அந்த வேலை வேற ஊருக்குப் போயிரும்னு பேசிக்கிட்டாங்க.

நான் போறேன்னு சொன்னேன். எங்க ஊட்டுக்காரர் என்னையே பார்த்தாரு.

"நீ எப்படிப் புள்ள பேசுவ?"

"தெரியலைங்க. ஆனா போகணும்."

அன்னியில இருந்து சாயங்காலமானா அவரே அதிகாரி மாதிரி நிமிந்து உக்காந்துக்குவாரு. பேரென்ன, ஊரென்னன்னு அதட்டிக் கேப்பாரு. முதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் பதில் வந்துச்சு. அவரு முன்னால எல்லாம் வந்துச்சுங்க. ஆனா நாள் நெருங்க நெருங்க பயம் கூடிக்கிட்டே போச்சு. இதே எட்டுக்கை ஆத்தா கோயிலுக்கு வந்து, இந்தப் பயத்தை எடுத்துரு தாயேன்னு விழுந்து அழுதேன். பயம் போகலை. ஆத்தா மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு.

போற அன்னிக்கு மலை இறங்கினோம். அக்கா போன திருப்பம் வந்ததும் அப்படியே உக்காந்துட்டேன். திரும்பிரலாமான்னு அவரு கேட்டாரு. வேண்டாம்னு எந்திரிச்சேன். அடிவாரத்துல, பெட்ரோல் தட்டுப்பாட்டுனால கரி போட்டு ஓட்டுற பஸ் ஏறி டவுனுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல நாலஞ்சு பொம்பளைங்க நல்ல சேலை கட்டி உக்காந்திருந்தாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. உள்ள ஒரு டாக்டரம்மா, பக்கத்துல கோட்டுப் போட்ட ஒரு அதிகாரி. அவரு பேரென்னன்னு கேட்டாரு. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. காதுல அருவி விழுற மாதிரி இரைச்சல். மறுபடி கேட்டாரு. உதடு ஆடுது, சத்தம் வரலை. இவளுக்குப் பேச்சு வராது போலிருக்கு, அடுத்த ஆளை அனுப்புன்னு பியூன்கிட்டச் சொல்லிட்டாரு.

வெளிய வந்து செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணு தண்ணியாக் கொட்டுது. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அப்போ அக்கா கை சில்லுன்னு ஆனது என் கையில தெரிஞ்சுச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். 'ஆத்தா, பயத்தை எடுன்னு இனிமே கேக்க மாட்டேன். அது இருந்துட்டுப் போகட்டும். பயத்தோடவே பேசுறதுக்கு ஒரு வாய் கொடு.' இதைத்தான் கேட்டேன். தலைச்சுமையோட மலை ஏறுறப்போ நாம மூச்சை இழுத்து மெதுவா விடுவோமில்லீங்களா, அப்படி விட்டேன். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு.

கண்ணைத் தொறந்தா வாசல்ல பியூன் இல்லை. அடுத்த பொம்பளையும் பேசிட்டுப் போயிட்டா. கதவு தொறந்தே கெடக்குது. தற்செயல்னு நீங்க சொல்லலாம். நான் அப்படி நெனைக்கலைங்க. உள்ள போயிட்டேன்.

"யாரும்மா உன்னைக் கூப்பிட்டது?"ன்னு அதிகாரி கேட்டாரு.

"யாரும் கூப்பிடலீங்க. என் பேரு பாப்பாயிங்க. எனக்குப் பயத்துல வாய் அடைச்சுக்கிச்சுங்க. கொஞ்சம் பொறுத்துக் கேட்டீங்கன்னா சொல்லிருவேனுங்க."

கையும் காலும் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா சத்தம் வந்துச்சு. அவரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திட்டு, எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்னு என்னைக் கேட்டாங்க. அக்கா கதையைச் சொன்னேன். நடுவுல ரெண்டு தடவை வார்த்தை நின்னு போச்சு, அவங்க காத்திருந்தாங்க. சொல்லி முடிச்சதும் கேட்டாங்க:

"பிரசவ வலியில ஒருத்தி துடிக்கிறப்போ உனக்கு இப்படிப் பயம் வந்தா என்ன பண்ணுவே?"

இதுக்கு ஊட்டுல பழகின பதில் எதுவும் இல்லீங்க. உள்ள இருந்து தானா வந்துச்சு.

"பயம் வருமுங்க. வந்தாலும் அவ கையை விட்டுட்டு ஓட மாட்டேனுங்க."

டாக்டரம்மா அதிகாரி பக்கம் திரும்பி, இவளை நான் பழக்கிக்கிறேன்னு சொன்னாங்க.

வெளிய வந்தப்போ எங்க ஊட்டுக்காரர் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தாரு. என்னாச்சுன்னு கேட்டாரு. பேசிட்டேனுங்கன்னு சொன்னேன். வேலை கெடச்சதைச் சொல்லவே மறந்துட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில இருந்து தொழில் பழகிட்டு மலைக்கு வந்தேன். நான் பார்த்த பிரசவத்துல நல்லபடியா முடிஞ்சதுதான் அதிகம். சிலது கைமீறிப் போயிருக்குது, அதையும் ஆத்தா முன்னால மறைக்கலை. இன்னிக்கும் புது ஊட்டு வாசல்ல கால் வைக்கிறப்போ நெஞ்சு அடிச்சுக்கும். மூச்சை விட்டுட்டு, தாயே நீயும் வான்னு கூப்பிட்டுக்கிட்டு உள்ள போயிருவேன்.

இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல யாருக்காச்சும் நாளைக்கு ஒரு பெரிய மனுசங்க முன்னால போய் நிக்க வேண்டியிருக்கலாம். பயம் போகட்டும், அப்புறம் போலாம்னு காத்திருக்காதீங்க சாமி. நடுங்கிக்கிட்டே போங்க, ஆத்தா கூட வருவா. ஒரு தடவை வெளிய அனுப்பினாங்கன்னா, அவளைக் கூப்பிட்டுட்டு மறுபடி உள்ள போங்க.