அக்காவின் களிம்பும் பீரோவின் அம்மையும்

எங்கள் வீட்டில் ஸ்பூனால் சோறு தின்றவள் அக்கா மட்டும்தான். நாகரிகத்துக்காக அல்ல. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிப் பக்கம் இருந்த ஷெட்டில் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கை ஐஸ் தண்ணீரில் ஊறும். இறாலின் தலைமுள் விரல் நுனியில் ஏறும், குத்திய இடத்தில் உப்பு இறங்கும். மாலையில் வீடு திரும்பும்போது விரல்களெல்லாம் வெடித்து, வெந்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்தக் கையால் மிளகாய் போட்ட குழம்பைத் தொட முடியாது. அதனால்தான் அந்த அலுமினிய ஸ்பூன்.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "தொரசானி துன்றதுக்கு குந்திட்டா, யாராச்சும் ஒரு மேஜை கொண்டாங்கடா" என்பாள்.

அக்கா சளைக்க மாட்டாள். "மேஜை கெடக்கட்டும் அத்தே, நீ வந்து விசிறி வுடு."

அந்தக் கைகள்தான் என்னைப் படிக்கவைத்தன. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டுக் கொண்டுவந்தது சோற்றுக்குச் சரியாகப் போய்விடும். என் பள்ளிக்கூடச் சட்டை, ஜியாமெட்ரி பாக்ஸ், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைப் பணம் எல்லாமே இறால்தான். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அது வெடிப்பில்லாத கையாக இருந்ததற்குக் காரணம் அவளுடைய கை.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் இரும்பு பீரோ செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கொஞ்ச மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் என்று பேச்சு. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தகட்டைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. ஸ்டோரில் கொடுத்த பஞ்சுக் கழிவு நார் நாராக ஒட்டிக்கொண்டது. அப்பாவின் நைந்த வேட்டியைக் கிழித்து எடுத்துப் போனேன். தகடு கண்ணாடி மாதிரி ஆனது. ஃபோர்மேன் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்லடா, இத்தினி பேரு கீறானுங்க, உனுக்குத்தான் தோணிச்சி" என்றார். அன்றிலிருந்து அக்கா துணியைத் துவைத்து மடித்து, தினமும் காலையில் என் டிபன் பையில் வைத்து அனுப்பினாள். தம்பி நிரந்தரமாக வேண்டும் என்பதில் என்னைவிட அவளுக்கு அவசரம்.

அவளை வற்புறுத்தி கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு டியூப் களிம்பு கொடுத்தார். "ஈரத்தைத் தொடைச்சிட்டு மெல்லிசா தேச்சுக்கோ. கண்ணுக்குத் தெரியாத ஒரு உறை மாதிரி ஒக்காந்துக்கும். தண்ணியை உள்ள விடாது" என்றார். களிம்பு தீர்ந்தால் வந்து வாங்கிக்கொள்ளவும் சொன்னார். அவருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

ரயிலில் திரும்பும்போது டியூபின் முதுகிலிருந்த பொடி எழுத்தை அக்காவுக்காக வாசித்தேன். 'சிலிக்கோன்' என்ற இடத்தில் நாக்கு தடுக்கி, மறுபடி வாசித்தேன்.

"இன்னா எழவோ இருந்துட்டுப் போவுது," என்றாள். "கை ஆறிச்சின்னா அதுக்கு ஒரு பொங்கல் வெக்கிறேன்."

வீட்டுக்கு வந்து தேய்த்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றினாள். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி தண்ணீர் உருண்டு ஓடியது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். வேடிக்கைக்காக மறுபடி மறுபடி ஊற்றி, ஒரு குடத்தையே காலி செய்தாள். நாளாக நாளாக வெடிப்பு மூடியது. ஒருநாள் நண்டுக் குழம்பைக் கையால் பிசைந்து தின்றாள். அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இங்கே கை ஆற ஆற, அங்கே பீரோவுக்கு அம்மை போட்டது.

நாங்கள் அதை அப்படித்தான் சொன்னோம். பச்சை பெயிண்ட் அடித்த சற்று நேரத்தில் அது வட்டம் வட்டமாக விலகும். ஒவ்வொரு குழிக்கு நடுவிலும் வெறும் தகடு தெரியும். சுரண்டிவிட்டு மறுபடி அடித்தாலும் அதே கதை. யாரோ பெயிண்ட் அறை வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார்கள். ஃபோர்மேன் முதலில் கம்ப்ரஸரைக் கழற்றிப் பார்த்தார். அப்புறம் அவர் கண் ஸ்ப்ரே அடிக்கிறவரின் தலைமேல் விழுந்தது. கம்பெனியில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் தலை எப்போதும் எண்ணெயில் மினுமினுக்கும்.

"உன் மண்டையிலேர்ந்துதான்யா சொட்டுது. போய் கழுவு."

"சார், இது கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து வெக்கிற எண்ணெ. அப்பல்லாம் வராத அம்மை இப்போ எப்டி சார் வரும்?"

அவரைக் குழாயடியில் உட்காரவைத்து, துணி சோப்புப் போட்டுத் தலையைக் கழுவவைத்தார்கள். பரட்டைத் தலையோடு வந்து பெயிண்ட் அடித்தார். அம்மை போட்டது.

கடைசியில் பெயிண்ட் விற்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். குழிகளை உற்றுப் பார்த்துவிட்டு, "இங்க யாராவது சிலிக்கோன் கலந்த பாலிஷ், தலைக்கு வெக்கிற கிரீம், கைக்குப் பூசுற கிரீம் எதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அங்கே நான் ஒருவன்தான் படித்திருந்தேன்.

தண்ணீரை விரட்டுகிற அதே உறை பெயிண்டையும் விரட்டுகிறது என்று அந்த நொடியில் புரிந்தது. அக்கா களிம்பு பூசிய கையால் மடித்த துணி. அதைக் கொண்டுதான் ஒவ்வொரு தகட்டையும் பாசமாகத் துடைத்திருக்கிறேன். ஃபோர்மேனிடம் அதைச் சொன்னேன்.

ஃபோர்மேன் திட்டவில்லை. "ஊட்டுத் துணி இனிமே வாணாம். ஸ்டோர்ல புதுத் துணி எடுத்துக்கோ" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவ ஆச்சின்னா, உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் கேக்க முடியாது" என்றார்.

அண்ணன் தன் தலையைத் தடவிக்கொண்டே, "என் எண்ணெக்கி யாருய்யா ஜவாப்பு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்பெனியில் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். சில நாள் கழித்து அவள் தட்டில் அந்த ஸ்பூன் மறுபடி இருந்தது.

"களிம்பு இன்னா ஆச்சுக்கா?"

"தீந்துபோச்சி."

கூரைச் செருகலில் கை விட்டேன். டியூப் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"உன் டிபனத் தொடுறேன், சட்டையத் தொடுறேன். எதுல இன்னா ஒட்டிக்கினு வருதோ, எனக்கு இன்னா தெரியும்? உன் வேல போனா இந்தக் கைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எனக்கு ஸ்பூனு போதும் நைனா."

அன்று சாயங்காலம் நானே அவள் கையைத் துடைத்து, விரல் விரலாகக் களிம்பைத் தேய்த்துவிட்டேன். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை. மறுநாள் வழக்கம்போல என் டிபனை அவளையே கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

கம்பெனிக்குப் போனதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். "பீரோல கைய வெக்காதே. மொதல்ல ஒரு வேஸ்டு தகட்டுல பாத்துக்கலாம் வா." வீட்டுச் சட்டையைக் கழற்றி வாசலிலேயே மாட்டவைத்தார். கையைச் சோப்பு போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்க்கவைத்தார். நான் புதுத் துணியால் தகட்டைத் துடைத்தேன், அவர் அடித்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றோம். பச்சை நிறம் ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் படிந்தது.

"பேஜாரு வுட்டுது," என்றார் அண்ணன். காய்ந்த தகட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "உங்க அக்காகிட்ட காட்டு. என் தலை மேல சத்தியம்னு சொல்லு, இப்ப எண்ணெகூட இல்ல."

அக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் தடவி அம்மையைத் தேடினாள். கிடைக்கவில்லை. அதில் மங்கலாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

தை மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அதன்பிறகும் அவள் இறால்தான் உரித்தாள், டியூப் தீர்ந்தால் நான் வாங்கி வந்தேன். அந்தத் தகடு இன்றைக்கும் எங்கள் சுவரில் முகம் பார்க்கத் தொங்குகிறது. ஸ்பூன் மிளகாய்த் தூள் டப்பாவுக்குள் கிடக்கிறது.