நத்தார் மேசையில் சோடா

போன நத்தாருக்கு, யேசு பாலன் பிறப்புக்கு, நான் முதலில் வாங்கியது சோடா. கேக்குக்கு ரவை வாங்கவில்லை, கஜு வாங்கவில்லை, வீட்டுக்கு வெள்ளை அடிப்பதா விடுவதா என்றுகூட முடிவாகவில்லை. அதற்குள் சந்திக் கடையில் தகர மூடி போட்ட கண்ணாடிப் போத்தல் சோடா ஒரு பெட்டி வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள்.

எங்கள் தீவுப் பக்கத்தில் சோடாவுக்கு ஒரு தனி வேலை உண்டு. எங்களைப் போல மீன்பிடிக் குடும்பத்து வீட்டுக்குச் சிலர் வருவார்கள். கலியாணம் சொல்ல வருவார்கள், வோட்டுக் கேட்க வருவார்கள். கதிரையில் இருந்து நல்லாய்ச் சிரித்துப் பேசுவார்கள். ஆனால் அந்த வீட்டுத் தண்ணீரில் வாய் வைக்கமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள். வீட்டுக்காரர் தானாக விளங்கிக்கொண்டு கடைக்கு ஆள் அனுப்பி, சோடாவை அவர்கள் கண் முன்னாலேயே உடைத்துக் கொடுக்க வேண்டும். மூடி திறக்காத போத்தலுக்குள் எங்கள் கை படவில்லை என்பதுதான் கணக்கு. அவர்கள் குடித்துவிட்டுப் போவார்கள், எங்களுக்கும் மரியாதை கெடாது. இப்போது யார் சாதியெல்லாம் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று நான் வாய் திறந்து கேட்டதில்லை.

நத்தாருக்கு வர இருந்தவர்கள் என் மகள் விரும்புகிற பையனின் தாயும் தகப்பனும். அனலைதீவுச் சைவக் குடும்பம். தகப்பன் தெற்கே ஒரு சிங்கள ஊரில் கன காலம் கடை நடத்தியவர். மூத்த பிள்ளைகள் கனடாவில். கடைசிப் பையன் யாழ்ப்பாணத்தில் என் மகள் வேலை செய்யும் கந்தோரிலேயே வேலை செய்கிறான். அவன் வீட்டில் விசயம் தெரிந்து, கொஞ்ச நாள் தகப்பன் பேசாமல் இருந்து, பிறகு ஒருநாள் தாய் என் மகளுக்குப் போன் எடுத்து, "நத்தாருக்கு உங்கடை வீட்டை வாறம் பிள்ளை" என்றிருக்கிறார்.

"சாப்பாட்டுக்கோ, சும்மாவோ?" என்று கேட்டேன்.

"அதை எப்பிடியம்மா கேக்கிறது?"

கேட்க ஏலாதுதான். ஆனால் என் மனம் அந்த ஒன்றிலேயே நின்றது. அவர்கள் எங்கள் மேசையில் சாப்பிட்டால் இந்தக் கலியாணம் ஒழுங்காய் நடக்கும். சோடாவோடு எழும்பினால் நடக்காது. அல்லது நடந்து, என் பிள்ளை காலம் முழுக்க அந்தச் சோடாவை விழுங்க வேண்டும்.

மகள் தன் போனில் படங்களைக் காட்டினாள். எங்கெங்கோ உள்ள நத்தார் மேசைகள். நடுவில் நீளமாய் ஒரு துணி, அதன்மேல் மெழுகுதிரி, பச்சை இலை, பூப்போல மடித்த கைதுடைக்கும் துணி. "இப்பிடிச் செய்வம் அம்மா, எங்கடை சாமானை வைச்சு" என்றாள். அவளுக்கு அழகு தெரிந்தது. எனக்கோ அந்த மேசைகளில் சாப்பாடு போட வைத்திருந்த கோப்பைகள்தான் தெரிந்தன. எங்கள் வீட்டில் மீன் படாத கோப்பை ஒன்று இருக்கிறதா? அவர்களுக்கோ திருவெம்பாவைக் காலம், மீன் மச்சம் தொடாத நாட்கள்.

ஆகவே இரண்டு பேரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். நத்தார்ச் சனம், கடைகள் முழுக்க மின்னுகிற தாள். மகள் சிவப்பு நாடாவையும் தங்கக் கலர் மணிகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நான் பாத்திரக் கடையை விட்டு அசையவில்லை. கோப்பை எடுத்தேன், கிளாஸ் எடுத்தேன், பிறகு சட்டி பானை, அகப்பை, கத்தி, தேங்காய் துருவ ஒரு புதுத் திருவலையும் எடுத்தேன்.

"திருவலையிலை மீனே துருவிறனாங்கள்?" என்றாள் மகள்.

"பேசாமல் இரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது கடவுள் செயல். பண்ணைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்க, மடியில் கோப்பைப் பெட்டியைப் பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் பஸ்காரனை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். படலையில் நின்ற என் மனிசன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்ன, ஆயரே வாறார்?" என்றார். அவருக்கு எல்லாம் பகிடி.

சோடிப்பு வேலையில் மகள் கெட்டிக்காரி. வழக்கம்போல நத்தார் மரத்துக்குச் சவுக்கங் கொப்பு வெட்டி வாளி மண்ணில் நட்டாள். பாலன் குடிலுக்குக் கறுத்தத் தாளைக் கசக்கி மலை செய்தாள். கடற்கரையில் பொறுக்கிய சங்கு சிப்பிகளை மேசை நடுவில் பரப்பினாள். அந்தச் சிப்பிகளை நான் எடுத்து, நாற்றம் போகட்டும் என்று வெளுக்கிற மருந்தில் ஊறவைத்து மூன்று தரம் கழுவினேன். எங்கள் வீட்டில் வருசா வருசம் குடிலின் கூரைக்கு மனிசனுடைய பழைய வலைத் துண்டொன்றைப் போர்த்துவோம். அதையும் கழற்றிக் கொல்லைக்குள் கொண்டுபோய்ப் போட்டேன்.

மகள் வந்து பார்த்தாள். "வலை எங்கை?"

"மணக்குது."

"அது மணந்து கன காலம். அம்மா, நீங்கள் வீட்டைச் சோடிக்கிறியளோ, எங்களை ஒளிக்கிறியளோ?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்காகத்தானே இத்தனை பாடு என்று ஆத்திரமும் வந்தது. வலையை அவளே எடுத்துவந்து திரும்பப் போர்த்தினாள். அவள் அங்காலே போனதும் நான் போய் மணந்து பார்த்தேன். உண்மையில் ஒன்றும் மணக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க வாடைக்காற்று. கடல் எழும்பினால் அனலைதீவிலிருந்து படகு ஓடாது. படகு ஓட வேண்டும் என்று மகள் மன்றாடியிருப்பாள். நான் இரண்டு விதமாயும் மன்றாடினேன். நத்தார் காலை பூசை முடிந்து வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது, கடல் அவ்வளவு மோசமில்லை. மனிசன் அவர்களைக் கூட்டிவர ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனார்.

மேசை வடிவாய்த்தான் இருந்தது. வெள்ளை விரிப்பு, நடுவில் சிவப்பு நாடா, சிப்பிகளுக்கிடையே மெழுகுதிரி, தங்கக் கரை போட்ட புதுக் கோப்பைகள், அவற்றின்மேல் மகள் பனைவிசிறிபோல மடித்து வைத்த துணிகள். புதுச் சட்டியில் மரக்கறியெல்லாம் சமைத்து மூடியிருந்தது. மகள் சேலை மாற்ற அறைக்குள் போனாள். அப்போதுதான் என் மனம் பொறுக்கவில்லை. அவர்கள் தண்ணீரைத் தொடாமல் இருந்து, நான் எல்லாருக்கும் முன்னால் சோடா எடுக்க ஓடுகிற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்கு முதலே நான் வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லைத்தானே? கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்து, போத்தல்களைத் துடைத்து, ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் ஒன்று வைத்தேன். மூடி திறக்கிற சாமானையும் பையனின் தகப்பனுக்கு வைத்த துணியின்மேல் வைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவர்கள் வந்தார்கள். தகப்பன் வெள்ளை வேட்டி, நனைந்த குடை. தாய் மெலிந்த பெண், படகில் வந்த களைப்பு முகத்தில். பையன் கூச்சத்தோடு சிரித்தான். குடிலைப் பார்த்தார்கள், சவுக்கங் கொப்பைப் பார்த்தார்கள், மேசைக்கு வந்தார்கள். தகப்பனின் கண் நேரே சோடாவில் விழுந்தது. அவருடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன். வரும் வழி முழுக்கச் சுமந்துகொண்டு வந்த ஒன்றை இறக்கி வைத்த மனிதன்போல இருந்தார். "ஆ, சோடா இருக்குது. எனக்கு இதே காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று மூடி திறக்கிறதை எடுத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நான் ஏதோ எடுக்கப் போகிறவள்போலக் குசினிக்குள் போனேன். பின்னாலே தாய் வந்து நின்றார்.

"குடிக்கத் தண்ணி தாங்கோ."

"இருங்கோ அக்கா, சோடா..."

"சோடா வேண்டாம். தண்ணி."

புதுக் கிளாஸ்கள் எல்லாம் மேசையில். கைக்கு எட்டியது நாங்கள் நாளாந்தம் குடிக்கிற நெளிந்த சில்வர்ப் பேணிதான். குடத்தில் மொண்டு கொடுத்தேன். அவர் அண்ணாந்து ஊற்றவில்லை. பேணியில் வாய் வைத்து, முழுவதையும் குடித்தார்.

"மேசையிலை ஏன் சோடா வைச்சனீங்கள்?"

"வெக்கைக்கு..." என்றேன்.

"இந்த மழைக்கையோ?"

நான் அழுதுவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "தெற்கிலை கடை வைச்சிருக்கேக்கை அவர் ஆர் வீட்டுத் தேத்தண்ணியும் குடிச்சவர். தீவுக்கு வந்தாத்தான் அவருக்கு இந்த நினைப்பெல்லாம் வரும். இந்த முறை சாப்பிட்டுத்தான் வாறதெண்டு நான் சண்டை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் அவருக்குத் தப்பிப்போக வாசலைத் திறந்து விட்டிட்டியளே."

பிறகு அதே பேணியைத் தானே குடத்தில் மொண்டுகொண்டு மண்டபத்துக்குப் போனார். தகப்பன் மூடியைக் கழற்றியிருந்தார், இன்னும் குடிக்கவில்லை. தாய் அவருடைய கையிலிருந்த போத்தலை மெல்ல வாங்கி நிலத்தில் வைத்து, பேணியை அவர் முன் வைத்தார். பையன் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் பேணியைப் பார்த்தார். பிறகு தூக்கினார். அண்ணாந்து, உதடு படாமல்தான் ஊற்றினார். ஆனால் குடித்தார். தண்ணீர் கொஞ்சம் தாடையால் வழிந்து வெள்ளை விரிப்பை நனைத்தது.

"பவுசர் லொறியிலை வாற தண்ணியே? எங்கடை பக்கம் இதைவிட உவர்" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "சோறு போடுங்கோ" என்றார்.

நான் போட்டேன். அவர் மெதுவாய், குறைவாய்ச் சாப்பிட்டார். தாய் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மகள் அப்போதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தாய்க்குக் கறி பரிமாறும்போது அவள் முகம் தெளிந்திருந்ததைக் கண்டு எனக்கு ஆறுதலாயிருந்தது.

பின்னேரம் துறையில் படகு ஏறுவதற்கு முன் தாய் என் கையைப் பிடித்தார். "தைப்பொங்கலுக்கு நீங்கள் எல்லாரும் எங்கடை வீட்டை வரவேணும். முற்றத்திலை பொங்கி, சூரியனுக்குப் படைச்சுப்போட்டு, எல்லாருமாய் இருந்து சாப்பிடுவம்." பிறகு சிரித்தார். "நான் சோடா வைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

நானும் சிரித்தேன். "ஓம் அக்கா, கட்டாயம் வாறம்" என்றேன். படகு அலையில் ஏறி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த நினைப்பு வந்தது. சாமிக்குப் படைத்ததைக் கத்தோலிக்கர் நாங்கள் சாப்பிடுவதில்லை. என் தாய் சாப்பிட்டதில்லை, நானும் இன்றுவரை வாயில் வைத்ததில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அடுத்த வளவுச் சைவ வீட்டிலிருந்து சுடச்சுடப் பொங்கல் வரும். இரண்டு கையாலும் வாங்குவேன், நல்ல வாசம் என்று சொல்லுவேன். கொண்டுவந்தவர்கள் படலையைத் தாண்டியதும் கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, ஏனத்தைக் கழுவி, சீனி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

மனிசன் வந்து பக்கத்தில் நின்றார். "என்ன யோசிக்கிறீர்? எல்லாம் நல்லாய்த்தானே முடிஞ்சுது."

"அங்கை கோழி இருக்குமோ?" என்று கேட்டேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் தடவையாக அவரும் பகிடி விடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.