வெட்டாமல் மாட்டிய படம்

சாத்தாம் ஜெட்டியில் மதராஸ் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், கஸ்பாரின் கண்ணில் படாமல் யாரும் போர்ட் பிளேரில் கரையேறியதில்லை. கழுத்தில் காமிரா, தலையில் மழைக்கு ஒரு ரப்பர் தொப்பி, வாயில் நாலு மொழி.

"இதர் தேகோ, தாதா! அக்கா, முந்தானையச் சரி பண்ணுங்க! ஏ அம்மாயி, இக்கட சூடு!"

முதலில் கப்பல் ஏணியில் இறங்கும் கூட்டத்தை மொத்தமாக ஒரு படம் எடுப்பார். அது வேண்டுதல் மாதிரி. எந்தக் கப்பலுக்கும் தவறியதில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து எடுப்பது. ஒரு பிரதி அவர்களுக்கு, ஒரு பிரதி ஊரில் இருப்பவர்களுக்கு. கருப்புத் தண்ணீரைத் தாண்டிப் போனவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று ஊரில் நம்புவதற்கு அந்த அட்டைத் துண்டை விட்டால் வேறு சாட்சி ஏது?

கஸ்பார் மணப்பாட்டுக் கரையில் பிறந்தவர். மீன்பிடிப்பவரின் மகன். ஆனால் படகில் ஏறினால் குடல் வெளியே வரும் வரை வாந்தி எடுப்பார். "இவன வச்சு நான் என்ன செய்ய?" என்று தலையில் அடித்துக்கொண்ட தகப்பனார், தூத்துக்குடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கொண்டுபோய் விட்டார். கடலுக்குப் பயந்து கரையில் தொழில் கற்ற அந்த மனிதர், 1958இல் செலினைக் கட்டிய கையோடு நான்கு நாள் கடலில் குப்புறக் கிடந்து அந்தமானுக்கு வந்து சேர்ந்தார். ஷாதிபூரில் ஒரு தகரக் கூரை வீடு. அதன் பின்கட்டுதான் இருட்டறை.

தீவில் எல்லாமே கப்பலை நம்பித்தான். ஃபிலிம் சுருளும் அப்படியே. கப்பல் தாமதமானால் கையில் ஒன்றிரண்டு சுருள்தான் மிஞ்சும். அதனால் கஸ்பார் ஒரு வழி கண்டுபிடித்தார். தனியாக வரும் இரண்டு பேரை ஒரே படத்தில் ஒரு முழ இடைவெளி விட்டு நிறுத்துவார். அச்சுப் போட்ட பிறகு நடுவில் கத்திரிக்கோலால் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துவிடுவார். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

"கஸ்பார் அண்ணே, உங்க கத்திரிக்கோலு கல்யாணத்தையும் வெட்டுமா?"

"வெட்டாத படம் வேணும்னா பொண்டாட்டியக் கூட்டிட்டு வாரும்வே!" என்பார் அவர்.

அதுதான் போர்ட் பிளேரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பாதிப் படம் என்றால் தனி ஆள். முழுப் படம் என்றால் குடும்பம்.

எடுத்த படங்களைக் கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கழுவி அச்சுப் போடுவதற்குள் வந்தவர்கள் திக்லிபூர், பாராடாங் என்று காட்டுக்கும் வயலுக்கும் சிதறிவிடுவார்கள். மாதங்கள் கழித்துத் தேடி வரும்போது, செலின் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஐந்நூறு முகங்களைத் தரையில் பரப்புவாள். ஒருநாள் ராஞ்சியிலிருந்து வந்த கூலி ஒருவன் காலையிலிருந்து மாலை வரை தேடினான். கிடைக்கவில்லை. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் தேடியது அவனுடைய படத்தை அல்ல. கப்பலில் கூட வந்து, கரையேறிய மாதமே காய்ச்சலில் போய்விட்ட தம்பியின் படத்தை.

அன்றைக்குச் செலின் சாப்பிடவில்லை. "ஏங்க, யாரையும் எதுவும் கேக்காம, அவங்கவங்க படத்த அவங்களே பாத்து எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு செஞ்சா என்ன?" என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் படப் பலகை. ஜெட்டி வாசலில், தகரக் கூரை போட்டு, படாக் மரத்தில் இரண்டு ஆள் நீளம். முதலில் எண்கள் எழுதிப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கப்பல் வந்த தேதி போட்டார். தேதி யாருக்கு நினைவிருக்கிறது? பிறகு ஒரு மாதம் சும்மா நின்று, தேடி வருகிறவர்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டார். "நான் ஜங்லாத்", "நான் ஆரா மில்", "நான் செட்டிலர்" என்றார்கள். அவ்வளவுதான்! காட்டு இலாகா ஆட்களுக்கு ஒரு மரம், மரம் அறுக்கும் மில் ஆட்களுக்கு ரம்பம், நிலம் பெற்று வந்தவர்களுக்கு நெற்கதிர், மீன்பிடிக்க வந்தவர்களுக்குப் படகு, ரோடு போடுகிறவர்களுக்குச் சுத்தியல் என்று பெயிண்டில் வரைந்தார். குள்ளமான பெண் ஒருத்தி எக்கி எக்கிப் பார்ப்பதைக் கண்டு, ஆணிகளை எல்லாம் பிடுங்கி ஒரு சாண் கீழே இறக்கி அடித்தார். மொழி வேண்டாம், படிப்பு வேண்டாம், பக்கத்தில் ஆள்கூட வேண்டாம். பார்த்தாலே போதும்.

பார்த்தாலே போதும்! அந்தப் பெருமைதான் பின்னால் அவர் நெஞ்சைத் தின்றது.

1964இல் ஒரு கப்பலில் சிவஞானம் வந்தான். பரமக்குடிப் பக்கத்துக்காரன், காட்டு இலாகாவில் மஸ்தூர் என்னும் கூலி வேலை. அதே கப்பலில் நீலாவதி என்றொரு இளம் விதவை, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு, திக்லிபூரில் இருந்த அண்ணனிடம் போக வந்திருந்தாள். கஸ்பாரின் சுருளில் ஒரு படம் மட்டும் மிச்சம். வழக்கம்போல் இருவரையும் ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினார் கஸ்பார். காமிராவைக் கண்டதும் குழந்தை வீறிட்டது. சிவஞானம் திரும்பி ஏதோ வேடிக்கை காட்டினான். குழந்தை அழுகையை நிறுத்தி, அம்மா இடுப்பிலிருந்து அப்படியே அவன் தோளுக்குத் தாவிச் சிரித்தது. அந்தக் கணத்தில் காமிரா சொடுக்கியது.

கஸ்பார் தம் வாழ்நாளில் எடுத்ததிலேயே அழகான படம் அது.

"வெட்டிட்டு மாட்டுங்க" என்றாள் செலின்.

"எங்கன வெட்ட? நடுவுல வெட்டினா புள்ள தலை போயிரும் ஏட்டி!"

"அப்ப மாட்டாதீங்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரு நினைக்கப் போறா? அவனும் காட்டுக்குப் போயிட்டான், அவளும் திக்லிபூர் போயிட்டா. இந்தச் சிரிப்பப் பாரு. இதக் கண்டா கப்பல்ல வந்து இறங்குறவனுக்கு அழுகை நிக்கும்."

பலகையில் வரைந்த மரத்தின் கீழே, நட்டநடுவில், கண்ணுக்கு நேராக மாட்டினார். சிவஞானம் தன் பிரதியை வாங்க ஒருமுறை வந்தபோது அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இத ஊருக்கு அனுப்புனா மரகதம் என்னய வெட்டிருவா, அண்ணே. இங்கயே கெடக்கட்டும்" என்றான்.

மரகதம் அவன் மனைவி. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் மடி நிறையாதவள். மாமியார் வாயிலிருந்து தினமும் நெருப்பை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தவள். 1966இல் சிவஞானத்துக்குப் பாராடாங்கில் ஒரு குடிசை கிடைத்தது. படத்தில் கூட யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்து, சந்தோஷத்தில் உடனே கடிதம் போட்டான். அடுத்த வீட்டுக்காரர் அதை மரகதத்துக்கு வாசித்துக் காட்டினார். 'கப்பலை விட்டு இறங்கியதும் ஜெட்டி வாசலில் கஸ்பார் அண்ணன் படப் பலகை இருக்கும். மரம் வரைந்த இடத்தில் என் படம் இருக்கும். அதற்கு முன்னால் நில். எங்கும் போகாதே. நான் வந்துவிடுவேன்.'

ஜூன் மாதம். கடல் கொந்தளித்துக் கிடந்தது. கப்பல் வந்த காலையில் கஸ்பார் ஏணிப் படத்தை எடுத்த கையோடு, ரேஷன் கார்டுப் படங்களுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாஞ்சில் ஏறி வேறு தீவுக்குப் போனார். செலின் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தாள். பாராடாங்கிலிருந்து வரவேண்டிய மோட்டார் படகு, காற்றுக்குப் பயந்து கரையை விட்டு அசையவே இல்லை. ஜெட்டி வாசலில் அந்தப் பலகை மட்டும் நின்றது, ஆள் வேண்டாத பலகை.

நான்காம் நாள் காற்று தணிந்தது. கஸ்பாரும் சிவஞானமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஜெட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பல் அன்று காலையிலேயே மதராஸுக்குத் திரும்பியிருந்தது. சிவஞானம் புதுச் சட்டை போட்டிருந்தான். பலகைக்கு முன்னால் யாரும் இல்லை.

கஸ்பார் விசாரித்தபோது, வாசலில் டீக்கடை வைத்திருந்த ருக்குதான் வாயைத் திறந்தாள். ராயபுரத்துக்காரி. அந்த வருடம்தான் வந்தவள். சிவஞானத்தை முன்பின் பார்த்ததில்லை.

"ஒரு பொண்ணாண்ணே? செவப்புப் பொடவை, தகரப் பொட்டி? ஆமா, வந்துச்சு. இந்தப் பலகை முன்னாடி வந்து நின்னுச்சு பாரு, அப்டியே சிலையாட்டம். மொகத்துல ஒரே சிரிப்பு. அப்பால அந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல."

"எதப் பாத்துச்சு?" கஸ்பார் பலகையை நோக்கித் திரும்பினார்.

"அதோ, மரத்துக்குக் கீழ மாட்டிக்கிற புள்ளப் படம். 'இவங்க யாருக்கா?'ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், 'முழுப் படம் பாரு, புருசன் பொண்டாட்டி புள்ள. ஜங்லாத் ஆளுங்க'ன்னு. தப்பாண்ணே? நீதான சொல்லுவ, வெட்டாத படம்னா குடும்பம்னு."

சிவஞானம் மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"மூணு நாளு அங்கயே குந்திக்கினு இருந்துச்சு. 'யாராச்சும் வருவாங்களாம்மா?'ன்னேன். 'வரமாட்டாங்கக்கா'ன்னுச்சு. டீ குடுத்தேன், வேணாம்னுடுச்சு. காலைல பாத்தா காதுல தோடு இல்ல. டிக்கெட் வாங்கிக்கினு கப்பல் ஏறிடுச்சு. நீங்க யாருண்ணே அதுக்கு?" ருக்கு அப்போதுதான் சிவஞானத்தின் முகத்தையும் பலகையில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "அய்யோ, மாரியாத்தா!"

கஸ்பார் தபாலாபீசுக்கு ஓடினார். 'படத்தில் இருக்கும் பெண்ணும் குழந்தையும் வேறு குடும்பம். மரகதத்தை அடுத்த கப்பலில் அனுப்பவும்' என்று சிவஞானத்தின் வீட்டுக்குத் தந்தி கொடுத்தார். கப்பல் போய்ச் சேர நான்கு நாள் ஆகும்; தந்தி முந்திக்கொள்ளும். அவள் வீட்டு வாசற்படியை மிதிக்கும்போதே உண்மை அவளை எதிர்கொண்டு அழைத்து வரும். அப்படித்தான் அந்த அப்பாவி மனிதர் தம்மைத் தேற்றிக்கொண்டார். "தாயே, அவ காலடியில விழுந்தாவது சொல்லிப்புடுறேன்" என்று மாதாவின் முன் முழங்காலில் நின்றார்.

பதினாறாம் நாள் அடுத்த கப்பல் வந்தது. சிவஞானம் அதே புதுச் சட்டையில் ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி ஆளும் இறங்கிவிட்டான். தபால் பையில் அவனுடைய அண்ணன் எழுதிய கடிதம் இருந்தது.

'தந்தி எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரகதத்தை அங்கேதானே அனுப்பி வைத்தோம்?'

கடிதம் சொல்லாததைக் கப்பல் சிப்பந்தி ஒருவன் சொன்னான். "யே ஆப்கா ஹை?" என்று, உங்களுடையதுதானா எனக் கேட்டு ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். போன பயணத்தில் பங்க் வகுப்பில், ஒரு படுக்கைக்கு அடியில் இருந்ததாம். மதராஸில் எல்லாரும் இறங்கிய பிறகும் யாரும் எடுக்கவில்லையாம்; அந்தப் படுக்கைக்காரி இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லையாம். மூடியில் வெள்ளை பெயிண்டில், 'சிவஞானம், பாராடாங்' என்று எழுதியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததாக இருக்கும். பெட்டிக்கு அவனிடம் வந்து சேர வழி தெரிந்திருந்தது.

உள்ளே ஒரு புது வேட்டி, மூடி இறுக்கிக் கட்டிய எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு. அவ்வளவுதான்.

சிவஞானம் கத்தவில்லை. கஸ்பாரின் சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை. உலுக்கியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியை மூடித் தலையில் வைத்துக்கொண்டு, ஷாதிபூர் வரை அவர் பின்னாலேயே நடந்து வந்தான். செலின் கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, அதைத் தானே வாங்கி இறக்கி வைத்தாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் அன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொன்னதில்லை.

"அண்ணே, அவ வந்த அன்னைக்கு ஏணியப் படம் எடுத்தீங்களா?" என்று கேட்டான் சிவஞானம்.

கஸ்பார் தலையாட்டினார்.

"எங்கிட்ட அவ படம் ஒண்ணுகூட இல்லண்ணே."

படச்சுருள் கழுவித்தான் இருந்தது, அச்சுப் போடவில்லை. பட்டப்பகலில் இருவரும் இருட்டறைக்குள் போனார்கள். சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தண்ணீரில் வெள்ளைத் தாள் மிதந்தது. முதலில் கப்பலின் பக்கவாட்டு வந்தது, பிறகு ஏணி, பிறகு புள்ளிப் புள்ளியாகத் தலைகள். சிவஞானம் குனிந்து மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏணியின் பாதிப் படியில், ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையை வெயிலுக்கு நெற்றியில் வைத்து, யாரையோ தேடிக்கொண்டு ஒரு பெண். கண்ணும் வாயும் சிரிக்கின்ற முகம்.

"இந்தா... இதான்" என்று தொடப் போனான். தாள் ஈரம் என்று கஸ்பார் அவன் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவே இல்லை.

"சிரிச்சிக்கிட்டேதாண்ணே எறங்கியிருக்கா."

கஸ்பார் அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார். இரண்டு பேரை ஒரு படத்தில் நிறுத்தவே இல்லை. ஃபிலிம் இல்லையென்றால் இல்லை என்று அனுப்பிவிடுவார். பலகையைப் பிடுங்கி எறியத்தான் போனார். "தம்பி படத்தத் தேடி இன்னொருத்தன் வந்தா என்ன செய்வீங்க?" என்று செலின் தடுத்தாள். ஆகவே பலகை இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு முக்காலியும் வந்தது. கப்பல் நாளானாலும் இல்லாத நாளானாலும், மழையானாலும் காய்ச்சலானாலும் அதில் உட்கார்ந்திருப்பார். யார் வந்து நின்றாலும் எழுந்து, அவர்கள் கேட்காமலே, இவர் இன்னார், இவருக்கும் அவருக்கும் உறவில்லை, இது அண்ணன் தங்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். புதிதாக வந்தவர்கள், இந்த ஆளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரிப்பார்கள். ருக்கு மட்டும் சிரிக்கமாட்டாள். வேளாவேளைக்கு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

நீலாவதிக்கு இது எதுவுமே தெரியாது. திக்லிபூரில் அவள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் முழுசாகத் தொங்கியது. "என்னத் தூக்கியிருக்கிற மாமா யாரும்மா?" என்று மகள் கேட்டால், "கப்பல்ல கூட வந்தவரு, நல்ல மனுசன்" என்பாளாம்.

சிவஞானம் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதம் ஒருமுறை பாராடாங்கிலிருந்து வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவான். ஏணியில் கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்துவிட்டு, "வரட்டுமாண்ணே?" என்று எழுந்திருப்பான். 1974இல் கஸ்பாரை ஷாதிபூரிலிருந்து கல்லறைக்குத் தூக்கிப் போனபோது முன்னால் தோள் கொடுத்தவன் அவன்தான். அவன் சட்டைப் பையில், ஏணிப் படத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு சிறு முகம் இருந்தது. அதை வெட்டிக் கொடுத்தது கஸ்பாரின் கத்திரிக்கோல். அவர் கடைசியாக வெட்டிய படம் அதுதான்.