அம்மா ஊற்றாத தண்ணீர்

இன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவரைப் பார்த்தேன். எண்பதுகளில் இலவசக் கண் முகாமுக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர். என் அப்பாவையும் அவர்தான் கூட்டிப்போனார்.

ஆபரேஷன் முடிந்து, பச்சைத் துணி கட்டிய கண்ணோடு அப்பா வீடு திரும்பினார். தலைக்கு ஊற்றக் கூடாது என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். அம்மா கழுத்துக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனாலும் கண்ணில் சீழ் பிடித்து, பார்வை போனது.

அன்று எங்கள் வாசலில் நின்று அண்ணாச்சி சொன்னார்: "கண்ணுல தண்ணி பட்டிருக்கு. வீட்ல தலைக்கு ஊத்திட்டாவ."

அப்பா அதை நம்பினார். சாகும்வரை அம்மா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

இன்று அண்ணாச்சியே கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்பம் ஒரு பயமும் இல்ல தம்பி. அன்னைக்கு உங்கப்பாகூட வந்த அத்தன பேருக்கும்லா சீழ் வச்சிட்டு. அங்கன ஊத்துன மருந்து கெட்டுப்போன மருந்து."

"தண்ணி பட்டுட்டுன்னுல்லா சொன்னிய?"

"முகாம்ல அப்படிச் சொல்லச் சொன்னாவ. எல்லா வீட்லயும் அதத்தான் சொன்னேன்... அம்மா சொகமா இருக்காவளா?"

இருக்கிறாள். "துடைக்கையில நாந்தான் ஈரத்தப் படவிட்டுட்டேனோ" என்று இன்னும் கேட்டுக்கொண்டு இருக்கிறாள்.

அண்ணாச்சி இந்தப் பக்கம் போகாத ஊர் கிடையாது. உங்கள் வீட்டில் யார் தண்ணீர் ஊற்றியதாகச் சொல்லிவிட்டுப் போனார்?