மாசமாக இருப்பவளின் பங்கு

அக்காவின் வளைகாப்புக்கு அம்மாவோடு நடவுக்குப் போகும் பெண்கள் பத்துப் பேரும் வந்திருந்தார்கள். மச்சானின் அம்மா முத்துப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மச்சான் மட்டும் இல்லை. வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில், சம்பளம் கேட்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த முப்பத்தொரு பேரில் அவரும் ஒருவர்.

எண்ணெய் விலை விழுந்ததில் கம்பெனிக்கு வரவேண்டிய பணம் நின்றுவிட்டதாம். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. கேம்ப் வாசலில் போலீஸ் வண்டி நின்றது.

வளைகாப்புக்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு கூடியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க நேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் எங்கே என்று டாக்டர் கேட்டதற்கு, "வந்துருவாருங்க" என்றாள் அக்கா.

வளைகாப்பன்று காலையில் கம்பெனி நீட்டிய ஒரு காகிதத்தை மச்சான் படமெடுத்து அனுப்பினார். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆங்கிலத்தில் இருந்ததைப் போனில் அவருக்குத் தமிழில் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கிடைக்கும். ஆனால் எனக்குப் பாக்கி எதுவும் இல்லை, வழக்குப் போடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். கல்லூரியில் தொழிலாளர் சட்டம் எனக்கு ஒரு பாடம். செய்த வேலைக்கான கூலியை யாரும் பறிக்க முடியாது என்று எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மார்க்கை அங்கே யாரிடம் காட்டுவது?

"போட்டுட்டு வந்துருங்க மச்சான்" என்றேன்.

"இன்னும் ஒருத்தன்கூட போடல மாப்ள. நான்தான் மொத ஆளா?"

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கூலி பேசி முடியாமல் அவருடைய கூட்டத்தில் ஒருத்தியும் வயலில் கால் வைக்கமாட்டாள். ஒருத்தி இறங்கிவிட்டால் மற்றவர்கள் வரப்பில் நின்றது வீண். அதனால் என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கள்ல ஒருத்தி மாசமா இருந்தா, அவ பங்க நாங்க நட்டுக் குடுப்போம். கூலியிலயும் கொறைக்க மாட்டோம். ஆனா எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அவ கரையில ஒக்காருவா" என்றார் அம்மா. "அந்த முப்பது பேர்கிட்டயும் கேக்கச் சொல்லு."

மச்சான் கேட்கப் போனார். போன் வளையல் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்காவின் கண் அதை விட்டு நகரவில்லை.

"போனுக்கும் ரெண்டு வளையல மாட்டிவுடுங்கடி, புருசன் கைக்குப் போய்ச் சேரட்டும்" என்றார் ஒரு அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வீங்கிய கையில் வளையல் ஏறாமல், எண்ணெய் தடவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

போன் மணி அடித்தது. ஒருத்தரைத் தவிர எல்லோரும் சம்மதம் என்றார் மச்சான். அம்மா அந்த ஒருத்தரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, நான் அவரு மாமியாரு பேசுறேன்."

"அம்மா, கோச்சுக்காதீங்க. எம் பொண்டாட்டி பெத்தப்ப நானும் இங்கதான் கெடந்தேன். இவரு ஒருத்தர் போட்டா, நாளைக்கு எங்க முன்னாலயும் அதே பேப்பரத்தான் நீட்டுவான்."

"ஆமாப்பா. நீ சொல்றது நாயம்தான்."

அதற்குமேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கெஞ்சுவார் என்று அந்த மனிதர் காத்திருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். வளையல் போட்டுக்கொண்டிருந்த கைகளும் நின்றுவிட்டன.

"எத்தன மாசம்?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"ஏழு முடியுது. கால் வீங்கிக் கெடக்கு. ரத்தக்கொதிப்பு."



"போவச் சொல்லுங்கம்மா. நாங்க நிக்கிறோம்."

மச்சான் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் விமான நிலையத்திலிருந்து நேராகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்த நாள் அக்காவுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே மச்சான் செருப்பில்லாமல் நின்றதை நான் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்த ஒருத்தர் போன் செய்தார். நின்ற முப்பது பேருக்கும் பாக்கி முழுசும் வந்துவிட்டதாம். முதலில் குழந்தையைப் பற்றித்தான் கேட்டார். மச்சானுக்கும் ஏதாவது தரச்சொல்லி ஆபீஸில் கேட்டார்களாம். கம்பெனிக்காரன் கையெழுத்தை எடுத்துக் காட்டினானாம். நடவுக்கூட்டம் கொடுத்திருக்கும், கம்பெனி கொடுக்கவில்லை.

மச்சான் விட்டது மாதம் இருபத்திரண்டாயிரம் வீதம் ஐந்து மாதம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.