நகை போடாத கை

இன்னிக்கு குடோன்ல எனக்கு மொத நாள்!

(ஃபேனு இருக்குது. சுத்தல. அது வேற பதிவு.)

மூணு வருஷமா பட்டு கவுன்டர்ல நின்னவ ஏன் இங்க வந்தான்னு கேக்குறீங்களா? நான் கேட்டு வாங்கிக்கினதுபா.

எங்க சபையில நகை போட மாட்டோம். தோடு, செயின், வளையல் ஒண்ணும் கெடையாது. பரிசுத்தம்னா மொதல்ல அதுதான்னு கேட்டுக்கினே வளந்தவ நான்.

கவுன்டர்ல இது ரொம்ப வசதி. வளையலோ மோதிரமோ ஒரசுனா பட்டுல இழை இழுத்துக்கும். அதனால எங்க சூப்பர்வைசருக்கு என் கைன்னா அவ்ளோ நம்பிக்கை!

முந்தாநேத்து காலையில மாகறல்லருந்து ஒரு கல்யாண பார்ட்டி வந்தாங்க. அதுக்கு மொத நாளே எடுத்து வெச்சிட்டுப் போன அரக்கு கலர் பொடவைய பிரிச்சா, முந்தியில ஜரிகை இழை தூக்கிக்கினு நிக்குது!

பொண்ணோட அம்மா மூஞ்சி போன போக்க பாக்கணும். வேற பொடவை காட்டி, சமாதானம் பண்ணி அனுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

அந்தப் பொடவைய மடிச்சது ரெண்டே பேர். நானும் தேவகியும்.

தேவகிக்கு கல்யாணம் ஆகி நாலு மாசம். கையில கல்லு வெச்ச வளையல். குடோன்ல ரெண்டு வருஷம் கெடந்துட்டு போன மாசம்தான் கவுன்டருக்கு வந்தா.

சூப்பர்வைசர் ரெண்டு பேரு கையையும் பாத்தாரு.

"வளையல கழட்டு கழட்டுன்னு எத்தன தடவ சொல்றது தேவகி? எஸ்தரப் பாரு! கையில குண்டுமணி தங்கம் இருக்குதா? நாளன்னிக்கிலருந்து நீ குடோனுக்குப் போய்டு."

"சார், நான் இல்ல சார்!"

அவரு கேக்கவே இல்ல.

இப்போ உண்மைய சொல்லிடறேன். இழுத்தது என் நகம். கட்டவெரல் நகம் ஒடஞ்சிருந்துது. மடிக்கும்போதே மாட்டுனது எனக்குத் தெரியும். வெரலால நீவி விட்டுட்டு மடிச்சு வெச்சிட்டேன்.

என்ன யாரும் கேக்கல. நானும் சொல்லல.

அதோட வுட்டனா? தேவகி டாய்லெட் பக்கம் நின்னு அழுதுக்கினு இருந்தா. நான் போய் தோள்ல கைய வெச்சு, "உனக்காக ஜெபம் பண்றேன்மா"ன்னேன்!

(ஆமா. சொன்னேன். காறித் துப்புறதுன்னா கமென்ட்ல துப்பிடுங்க.)

"தேங்க்ஸ்கா"ன்னா அவ.

அந்த தேங்க்ஸ்தான் என்னால முழுங்க முடியல. லஞ்ச் டப்பாவ தொறந்தேன், மூடிட்டேன். நேரா சூப்பர்வைசர்கிட்ட போய் கட்டவெரல நீட்டுனேன்.

"சார், இதுதான் இழுத்துது. அப்பவே எனக்குத் தெரியும்."

அவரு, "புதுசா வர்ற பசங்க கிட்டல்லாம் உன் கையதானம்மா காட்டிக்கினு இருந்தேன்"ன்னாரு. திட்டியிருந்தா கூட தேவல.

"தேவகி இங்கயே இருக்கட்டும் சார். நான் குடோனுக்குப் போறேன்"ன்னேன். ஒரு வார்த்தை வேணான்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல!

தேவகி நேத்து முழுக்க என்கூட பேசல. ஒரே ஒரு தடவ மட்டும் கேட்டா: "தெரிஞ்சுக்கினேவா ஜெபம் பண்றேன்னு சொன்ன?"

வெக்கமா இருந்துது.

இத்தன வருஷம் தோடு இல்லாம இருந்தது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லபா. அந்த ரெண்டு மணி நேரம் வாயத் தொறக்கறதுதான் முடியல.

இன்னிக்கு லஞ்ச்ல தேவகி குடோன் கதவுகிட்ட வந்து நின்னா. மூஞ்சி இன்னும் உர்ருனுதான் இருந்துது.

"அக்கா, ஒரு விஷயம். அன்னிக்கு அழுதுக்கினே காமாட்சிகிட்ட வேண்டிக்கினேன். யாரு செஞ்சாங்களோ அவங்க கை வெளங்காம போவணும்னு."

"அய்யோ!"

"பயப்படாத. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் கோயிலுக்குப் போய், வேணாம் தாயே, உட்டுடுன்னு சொல்லிட்டு வந்துடறேன். பாவம், உனக்கு ரெண்டு சின்ன புள்ளைங்க."

சொல்லிட்டு விறுவிறுன்னு மேல போய்ட்டா.

ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்ல என் முறை. அந்த வாரம் கர்த்தர் எனக்கு செஞ்ச நன்மைய எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்.

என் கைக்காக ஒருத்தி காமாட்சி சந்நிதியில நின்னு மன்னாடிட்டு வந்தான்னு மைக்க புடிச்சு சொல்லட்டுமா? எங்க பாஸ்டர் தாங்குவாராபா?