போடிக்குக் கடல்மீன் கொண்டுவந்த எட்வர்ட்

எட்வர்ட் எனக்கு அறுபதாயிரம் ரூபாய் கடன் பட்டிருந்தான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. என் ஏலக்காய்க் கமிஷன் கடையில் வைத்து நான் எடுத்துக் கொடுத்தேன், அவன் வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

கேட்டவனுக்கெல்லாம் பணம் கொடுக்கிறவன் இல்லை நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போடிமெட்டுக்கு ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போய், அடுத்தவன் எஸ்டேட்டில் மூட்டை சுமந்து, அந்தக் கூலியில் ஒரு கிலோ இரண்டு கிலோ என்று காய் வாங்கி விற்று மேலே வந்தவன். இன்று சொந்த குடோன் இருக்கிறது. ஏல மையத்துக்குள் நான் நுழைந்தால் எழுந்து நாற்காலி தருகிறார்கள். ஒரு காயை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் போதும், எவ்வளவு ஈரம், எந்த மேட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன். ஆட்களையும் அப்படித்தான் எடை போடுவேன். எட்வர்ட் விஷயத்தில் என் எடை தப்பவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுடைய அப்பா ஜோசப் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் போனபின் கடையை அண்ணன் தம்பிகள் பங்கு வைத்தார்கள். மற்றவர்கள் பங்கை வைத்து வியாபாரம் செய்தார்கள், எட்வர்ட் தன் பங்குக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கினான். அதற்கு முன் தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் சில வருடம் ஐஸ் உடைத்திருக்கிறான். வலையில் சிக்கிய வண்ண மீன் ஒன்றை அங்கே யாரோ பக்கெட்டில் உயிரோடு கொண்டு வந்து காட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. ஊருக்கு வந்து வண்ணமீன் கடை போட்டான். தங்கமீன், கப்பி, பிள்ளைகள் கேட்கிற ஆமைக்குஞ்சு. வருமானம் வாடகைக்குச் சரியாக இருந்தது. அவன் மனைவி பியூலா ஜாக்கெட் தைத்து உலை வைத்தாள்.

"கடல்மீனு வளக்கணும் அண்ணாச்சி. நம்ம ஊர்ல ஒருத்தன்கிட்டயும் கெடையாது," என்பான்.

"ஊரச் சுத்தி நூறு மைலுக்குக் கடலே இல்ல. எவன்டா கேட்டான்?" என்பேன்.

கேட்க ஒருவன் வந்தான். வினோத்குமார். மெட்டுக்கு மேலே பரம்பரையாக ஏலத்தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். தேவாரம் ரோட்டில் மாளிகை மாதிரி வீடு கட்டினான். கொச்சியில் ஏதோ ஓட்டலில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு ஹாலிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று எட்வர்டைக் கூப்பிட்டான். பேச்சு இதுதான்: எல்லாச் செலவும் எட்வர்டுடையது. மீன் ஒரு மாதம் நல்லபடியாக இருந்தால் ஒரு லட்சம். செத்தால் ஒன்றும் இல்லை.

"இது என்ன பேச்சு? அட்வான்ஸ் கேளு," என்றேன்.

"கேட்டா வேற ஆளப் பாத்துருவாரு அண்ணாச்சி. இது நின்னுட்டா மேட்டுல இருக்கிற முதலாளி பூராம் என்னயத்தான் கூப்புடுவாங்க. இல்லன்னா இந்தக் கடைய இந்த வருசத்தோட மூடிற வேண்டியதுதான்."

அப்படிச் சொல்லித்தான் என்னிடம் அறுபதாயிரம் வாங்கினான்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய், தெர்மக்கோல் பெட்டியில் மீனை வைத்து, போடி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். நானும் பார்க்கப் போனேன். என் பணம் நீந்துகிறதே, பார்க்க வேண்டாமா? உள்ளங்கை அகல மீன். கருநீல உடம்பில் தலை முதல் வால் வரை மஞ்சள் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. ஏஞ்சல் மீன் என்றான். கூடவே பாசியைத் தின்று கண்ணாடியைத் துடைக்கிறதற்காகப் பத்துப் பன்னிரண்டு கடல் நத்தைகள். தண்ணீர் வற்றினால் ஃபில்டர் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயேதான் இருக்கும் என்று வினோத்குமாருக்கும், வீட்டு வேலைக்கு இருந்த திருப்பதிக்கும் பாடம் நடத்திவிட்டு வந்தான்.

முதல் வாரம் மீன் ராஜா மாதிரி சுற்றியது. வினோத்குமார் விருந்தாளிகளை அழைத்துக் காட்டினான். எட்வர்ட் என் கடைப் பக்கம் வந்து, கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்தான்.

இரண்டாவது வாரம் போன் வந்தது. மீன் சரியில்லை.

நானும் அவனோடு போனேன். மீன் தொட்டியின் மூலையில், மோட்டார் தண்ணீர் விழுகிற இடத்தில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றது. செவுள் படபடவென்று அடித்தது. திடீரென்று ஓடிப்போய்ப் பாறையில் விலாவைத் தேய்க்கும். மறுபடியும் அதே மூலை. நீலம் மங்கி, கரி பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது. எட்வர்ட் இறால் துண்டைக் கிள்ளிப் போட்டான். வாய்க்கு முன்னாலேயே விழுந்தும் அது திரும்பவில்லை.

"சீக்கு மீன என் தலையில கட்டிட்டியா?" என்றான் வினோத்குமார்.

"இல்லண்ணே. இருங்க, பாப்போம்."

எட்வர்ட் சூடு பார்த்தான். உப்பு பார்த்தான். சின்னக் குப்பிகளில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தான். எல்லாம் சரி. நானும் தண்ணீரில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். "உப்பு கூடுதல்டா," என்றேன்.

"கடல்னா அப்படித்தான் அண்ணாச்சி."

"புது எடம், பயந்திருக்கும். துணியப் போட்டு மூடு."

மூடிப் பார்த்தோம். அடுத்த நாளும் அப்படியே. வினோத்குமாரின் அம்மா, வந்தவர்கள் கண்தான் பட்டுவிட்டது என்று தொட்டிக்கு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அந்த நெடியில் நாங்கள் எல்லோரும் இருமினோம். மீன் மூலையை விட்டு அசையவில்லை.

எட்வர்ட் கடையைப் பூட்டிவிட்டு அந்தத் தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். முக்காலிகூடப் போட்டுக்கொள்ளவில்லை, தரையில். பியூலா போன் செய்து, "கடை ஓனரு வாடகைக்கு வந்து நிக்கிறாரு, என்ன சொல்ல?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. "இந்தா வர்றேன்னு சொல்லு," என்றான். போகவில்லை.

"பாத்துக்கிட்டே இருந்தா சாகக் கெடக்குறது பொழச்சிருமாக்கும்? மருந்து கிருந்து ஊத்துப்பா," என்றான் வினோத்குமார். நானும் அதையே சொன்னேன். வைத்தியம் பார்க்க வந்தவன் கை சும்மா இருந்தால் பார்க்கிறவனுக்குப் பொறுக்காது.

எட்வர்ட் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். வெளிர் நீல மருந்து.

"ஒடம்பு மேல வெள்ளப்புள்ளி நோய் வந்தாத்தான் இப்படித் தேய்க்கும், மூச்சு வாங்கும். புள்ளி ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. ஆனா செவுளுக்குள்ள இருந்தாத் தெரியாது. ஊத்திப் பாப்போம்."

"ஊத்து, வெரசா ஊத்து," என்றான் வினோத்குமார்.

"நத்தைய எடுத்துறணும் மொதல்ல. இந்த மருந்துல மீனு தாங்கும், நத்தை தாங்காது."

சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தொட்டிக்குள் தோள் வரை விட்டான். பாறைக்குப் பின்னால் துழாவி ஒரு நத்தையை எடுத்தான். மூக்குக்குக் கொண்டு போனான். கீழே வைத்தான். இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் மல்லாந்து கிடந்தவை. எனக்கும் நாற்றம் அடித்தது.

"என்னடா?"

"செத்துப்போச்சு அண்ணாச்சி. பூராம் செத்துப்போச்சு." ஈரக்கையோடு நின்றான். "மீனு சீக்கு மீனோடதான். நத்தைக்கு வராது. இந்த மருந்து பட்டாத்தான் நத்தை இப்படிச் சாகும். நான் இன்னும் மூடியவே தொறக்கலியே."

"அப்படி என்னதான் இருக்கு அந்த மருந்துல?"

"செம்பு அண்ணாச்சி. நம்ம துருசு மாதிரிதான்."

துருசு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஏலக்காய்க்காரனுக்குத் துருசைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைக்கு முன்னால், அழுகல் நோய் வராமல் இருக்க, மயில்துத்தம் என்கிற துருசையும் சுண்ணாம்பையும் டிரம்மில் கரைத்துச் செடிக்கு அடிப்போம். அப்போது வைகாசி. மேடெல்லாம் அடிக்கிற நேரம்.

"தொட்டிக்கு என்ன தண்ணிடா ஊத்துற?" என்று திருப்பதியைக் கேட்டேன்.

"நம்ம எஸ்டேட் ஊத்துத் தண்ணிதாங்க."

எட்வர்ட் திரும்பினான். "ஃபில்டர் தண்ணிதான ஊத்தச் சொன்னேன்?"

"ஃபில்டர் தண்ணியாம்ல," என்றான் வினோத்குமார். "எங்க ஊத்துத் தண்ணியவிட ஃபில்டர் தண்ணி ஒசத்தியா? மேலருந்து வாரா வாரம் ஜீப்புல தண்ணி வருது. அதத்தான் குடிக்கிறோம், அதுலதான் சோறாக்குறோம். நாந்தான் அத ஊத்தச் சொன்னேன்."

அவன் சொன்னது தப்பில்லை. மேட்டில் தோட்டம் வைத்திருக்கிறவன் எவனும் கீழே குழாய்த் தண்ணீர் குடிக்க மாட்டான். நானே என் வீட்டுக்கு அந்தத் தண்ணீர்தான் கொண்டுவரச் சொல்வேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத தண்ணீர் அது.

"குடிக்கிற கேன்ல கொண்டாந்தியா?" என்று திருப்பதியைக் கேட்டேன்.

"அது வீட்டுக்கே பத்தலைங்க. மீனுக்குத்தானேன்னு டிரம்முல கொண்டாந்தேன். நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன்."

கொல்லைப்புறம் போனோம். நீல டிரம். நான் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் மரைக்குள், கழுவுகிற கை போகாத இடத்தில், வெள்ளையும் பச்சை நீலமுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வெளியே கழுவியிருந்தான், உண்மை. ஒரு விரலில் சுரண்டி வினோத்குமாரிடம் நீட்டினேன்.

"துருசு டிரம் தம்பி இது."

அவன் விரலைப் பார்க்கவில்லை. "மருந்து பாட்டில் அவன் கையில இருக்கு. அண்ணாச்சி என் டிரம்ம மோந்து பாக்குறீங்க."

"பாட்டிலுக்கு இன்னும் சீல்கூட ஒடைக்கல."

"இதுக்கு முன்னால என்னத்த ஊத்துனானோ."

எட்வர்ட் சண்டைக்கு நிற்கவில்லை. தொட்டிக்கு ஓடினான். பையில் இருந்த கடல் உப்பு முழுவதையும் கரைத்தான். பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டான். செம்பை உறிஞ்சக் கரிப்பொட்டலம் வாங்கி வரச் சொல்லி ஃபில்டருக்குள் வைத்தான். மறுநாளும் இறைத்தான். கடையில் இருந்த தங்கமீன் எல்லாவற்றையும் யாரோ ஒருவருக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் இன்னும் இரண்டு மூட்டை உப்பு வரவழைத்தான்.

ஒரு காலை மீன் மூலையை விட்டு நடுவுக்கு வந்தது. எட்வர்ட் என் கையைப் பிடித்தான். அவன் கை உப்பில் வெடித்திருந்தது. மீன் ஒரு சுற்று சுற்றியது. இறால் துண்டிடம் போனது, வாயைத் திறந்தது, உமிழ்ந்தது. பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நீந்தியது. மதியம் மோட்டார் தண்ணீர் அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. அப்போதும் அவன் உடனே எடுக்கவில்லை. செவுள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போதும் தம்பி, எடுத்துரு," என்றேன் நான்.

அவன் பணத்துக்காக வினோத்குமாரிடம் நான் பேசினேன். மறைக்க ஒன்றும் இல்லை, கடைவீதியில் நாலு பேருக்கு முன்னால் பேசினேன். நான் பேசினால் படியாத ஆள் குறைவு. வினோத்குமார் படியவில்லை. "மாசம் முடியல, மீனு செத்துப்போச்சு. பேச்சுன்னா பேச்சுதான அண்ணாச்சி? நீங்களும் வியாபாரிதான்," என்றான். தொட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும், ஹாலில் இடம் அடைக்கிறது என்றும் சொன்னான். பேச்சு என்று வந்தபின் நான் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? முதலிலேயே சொன்னேன், அட்வான்ஸ் கேள் என்று.

அந்த டிரம்மைப் பற்றிக் கடைவீதியில் யாரும் பேசவில்லை. எட்வர்ட் மீனைக் கொன்றுவிட்டான் என்றுதான் பேசினார்கள். "அவனுக்குத் தங்கமீனே பெருசு," என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். எட்வர்ட் அங்கேதான் இருந்தான். டம்ளரை வைத்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

எட்வர்டிடம் நான் கடனைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டுத்தான் தருவான் என்றால் அவனுக்கு நான் கொடுத்திருக்கவே மாட்டேன்.

ஆடி பிறந்ததும் கடையைக் காலி செய்தான். பெரிய தொட்டியும் மோட்டாரும் தேனியில் ஒருவருக்குப் போயின. சின்னத் தொட்டிகளைப் பொட்டிபுரத்துக்காரர் ஒருவர் கோழிக்குஞ்சு விட வாங்கினார். பியூலாவின் தையல் மிஷினும் போனது என்று பிறகு தெரிந்தது. தூத்துக்குடியில் அதே இறால் கம்பெனியில், அதே ஐஸ் வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தான். பியூலா பைகளோடு வெளியே ஆட்டோவில் இருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். பஸ்சுக்கு நேரமாகிறது என்று தலையை ஆட்டினாள்.

"வட்டி எவ்வளவு அண்ணாச்சி?" என்றான்.

"உங்கிட்ட வட்டி வாங்கி நான் மாடி கட்டப் போறதில்ல. மொதலக் கொடு."

சட்டைக்கு உள்ளேயிருந்து பாலித்தீன் கவரை எடுத்தான். ஐந்நூறு, நூறு, ஐம்பது, எல்லாம் கலந்து இருந்தது.

"நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க."

"கொடுக்கிறவன்தான் எண்ணணும். எண்ணு," என்று கையை நீட்டினேன்.

அவன் முதலில் ஐந்நூறுகளை வைத்தான். எண்ணும்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதியில் தப்பிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். வெளியே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். அதற்காக அவன் அவசரப்படவில்லை. நூறுகள், ஐம்பதுகள், கடைசியில் இருபதும் பத்தும். வெடித்த விரல்களால் ஒவ்வொன்றையும் நீவிவிட்டு, என் விரித்த உள்ளங்கையில் அடுக்கி வைத்தான்.